காக்காப்பொன் மலையில் ஒரு சனிக்கிழமை

நான் எழுதுகிறவன் அல்லன். ஓ.எல். பரீட்சையோடு படிப்பு நின்றுவிட்டது. அதன் பிறகு இருபத்தெட்டு வருடமாகச் சங்கக்கடையில் அரிசியும் மாவும் சீனியும் நிறுத்துக் கொடுக்கிறேன். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாயைத் திறக்கத் தயங்குகிறவன், நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரியும். ஆனால் எங்கள் வாசிகசாலைச் செயலாளர் விடவில்லை. "கனடா போய்வந்தனீர், ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை தாரும்" என்று மூன்று தரம் கடைக்கே வந்துவிட்டார். பெரிய நீர்வீழ்ச்சியைப் பற்றியும் உயர்ந்த கட்டடங்களைப் பற்றியும் எழுதுவேன் என்று அவர் நினைத்திருப்பார். நீர்வீழ்ச்சியை நான் பார்க்கவில்லை. பார்த்ததைத்தான் எழுத முடியும். பிழை பொறுக்கவேண்டும்.

பாதை திறந்து சண்டை ஓய்ந்திருந்த காலம் அது. இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, வைகாசி மாதம். என் தங்கை ராஜி மொன்றியலில் பதின்மூன்று வருடமாக இருக்கிறாள். அவளின் மகள் ஆரணி பெரியபிள்ளையாகி, சாமத்தியச் சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் என்று அந்தப் பிள்ளைக்கு நான் ஒருவன்தான். "நீங்கள் வராட்டி சடங்கே வேண்டாம் அண்ணை" என்று ராஜி தொலைபேசியில் அழுதாள். விசா கிடைக்காது என்ற நம்பிக்கையில்தான் விண்ணப்பித்தேன். கிடைத்துவிட்டது.

தங்கையின் வீடு செயின்ட்-மிஷேலில், இரண்டாம் மாடியில். படி வீட்டுக்கு வெளியே, தெருவிலிருந்து வளைந்து மேலே ஏறுகிறது, இரும்புப் படி. மழையிலும் பனியிலும் அதில்தான் ஏறி இறங்க வேண்டும். ஏன் உள்ளே வைக்கவில்லை என்று தங்கையின் கணவன் தவத்திடம் கேட்டேன். "கட்டினவனைக் கண்டா நானும் கேக்கத்தான் இருக்கிறன் மச்சான்" என்றான். தவம் துணிக்குச் சாயம் போடும் ஆலையில் வேலை செய்கிறான். விரல் நகங்களின் ஓரம் எப்போதும் நீலமாக இருக்கும். என்னைவிட எட்டு வயது இளையவன். நல்ல மனிதன், சத்தமாகச் சிரிப்பான்.

முதல் நாள் இரவு பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். தேங்காய்ப்பூ பையில் உறைந்து கல்லாக வருகிறது, அதை உடைத்துத்தான் போடுகிறார்கள். ஆனாலும் பிட்டு, பிட்டு மாதிரியே இருந்தது. ஆரணி என்னிடம் தமிழில் பேசப் பார்த்து, முடியாமல் பிரெஞ்சுக்குப் போய், பிறகு சிரித்துவிட்டு எனக்கு ஒரு பாடம் எடுத்தாள். "மாமா, இங்க ஆரோடயும் கதைக்க முதல் பொன்ஜூர் சொல்லவேணும். சொல்லாட்டி கோவிப்பினம். முடிய மெர்சி." இரண்டு சொல்லையும் பத்துத் தரம் சொல்லவைத்தாள். என் பிரெஞ்சுப் படிப்பு அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் மெட்ரோவில் தொலைந்தேன். பெரிய சந்தி ஒன்றில் இறங்கி, மேடையிலேயே நிற்கும்படி தவம் சொல்லியிருந்தான், தான் வேலை முடிந்து அங்கே வருவதாக. இறங்கினேன். சனம் தள்ளியது. தள்ளியவர்களோடு போய் இன்னொரு ரயிலில் ஏறிவிட்டேன். அது ஆற்றுக்கு அடியால் போய் லொங்குய்ய் என்ற இடத்தில் நின்றது. அதுதான் கடைசி நிலையம். எல்லோரும் இறங்கினார்கள். பக்கத்தில் நின்ற பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சீருடை போட்ட ஆள் ஒருவரும் நின்றார். நான் யாரிடமும் கேட்கவில்லை. ரயில் எப்படியும் திரும்பத்தானே வேண்டும் என்று உள்ளேயே இருந்தேன். திரும்பியது. சந்தியில் இறங்கத் துணிவில்லாமல் மறுபடியும் லொங்குய்ய்க்குப் போனேன். மூன்றாவது தரம்தான் தவம் மேடையில் நின்று என்னைக் கண்டு கையைப் பிடித்து இழுத்தான்.

அன்று இரவு தவத்தின் கூட்டாளி யோகன் வந்திருந்தான். உணவுக்கடைச் சமையலறையில் வேலை, பருத்த உடம்பு, வாய் ஓயாது. கதையைக் கேட்டுவிட்டு, "லொங்குய்ய் பார்க்க வேணும் எண்டு ஊரில இருந்து வந்த முதல் ஆள் அண்ணைதான்" என்றான். அதன் பிறகு நான் எழுந்து குசினிக்குத் தண்ணீர் குடிக்கப் போனாலும், "அண்ணை, லொங்குய்ய்க்கோ?" என்று கேட்பான்.

மேல்மாடியில் செந்தில் என்றொருவர் வாடகைக்கு இருந்தார். சேலத்துக்காரர், கணினி நிறுவனத்தில் வேலை, முப்பது வயது இருக்கும், மெலிந்த உடம்பு. அவருக்குக் கல் பைத்தியம். சனி, ஞாயிறுகளில் மலைகளுக்குப் போய்க் கல் பொறுக்கி வந்து, கழுவி, பெயர் எழுதி ஒட்டி வைப்பார். அவரின் அறையில் படுக்கையைவிடக் கற்களுக்குத்தான் அதிக இடம். அவர்தான் பேச்சை எடுத்தார்.

"அண்ணே, வடக்க ஒரு பழைய மைக்கா சுரங்கம் இருக்கு. மூடி அறுபது, எழுபது வருஷம் ஆச்சு. நம்ம ஊர்ல காக்காப்பொன்னுன்னு சொல்லுவோமே, அது. ஏடு ஏடா உரிஞ்சு வரும். போலாமா?"

சடங்குக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது. வீடு முழுக்கப் பெண்களும் சேலைகளும் பலகாரச் சட்டிகளும். ஆண்களுக்கு உட்கார இடம் இல்லை. தவம் உடனே ஓம் என்றான். எனக்கு விருப்பம் இருக்கவில்லை. நிலத்துக்குக் கீழே எத்தனையோ நாட்கள் இருந்திருக்கிறேன், பிள்ளைகளோடு, பங்கருக்குள், ஷெல் விழும்போது. பொழுதுபோக்குக்காக யாரும் கீழே இறங்குவார்கள் என்று நான் நினைத்ததில்லை. ஆனால் விருந்தாளி எப்படி வேண்டாம் என்பது. பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

சனிக்கிழமை காலை வெளிக்கிட்டோம். தவம் தன் பழைய சப்பாத்தை எனக்குத் தந்தான், ஒரு அளவு பெரிது. ராஜி வாசலில் நின்று இடியப்பப் பெட்டியையும் ரோல்ஸ் பையையும் தேநீர்ப் போத்தலையும் தந்தாள். "சரி, போட்டு வாங்கோ" என்றாள். அவ்வளவுதான். வெளிக்கிடுகிற ஆளிடம் எங்கே என்று கேட்கக்கூடாது, கேட்டால் போன காரியம் சரிவராது என்று எங்கள் அம்மா எங்களை வளர்த்த வளர்ப்பு. கனடா வந்தும் ராஜி அதை விடவில்லை. தவத்துக்கு அது வசதியாக இருந்தது. கேட்டிருந்தால் அவள் விட்டிருக்கமாட்டாள்.

வழியில் ஒரு தெருவோரக் கடையில் நிறுத்திப் பொரித்த உருளைக்கிழங்கு வாங்கினான் யோகன். அதற்கு மேல் வெள்ளைப் பாற்கட்டித் துண்டுகளைக் கொட்டி, மேலே மண்ணிறக் குழம்பு ஊற்றித் தருகிறார்கள். பாற்கட்டி பல்லில் படும்போது கீச்சுக் கீச்சென்கிறது. "இது வெள்ளைக்காரற்ற குழையல்சோறு அண்ணை, யோசிக்காமச் சாப்பிடுங்கோ" என்றான். நன்றாகத்தான் இருந்தது. ஊரில் இதை விற்றால் உறைப்புக் காணாது என்று சொல்வார்கள்.

கல்ரோட்டின் முடிவில் காரை விட்டுக் காட்டுக்குள் நடந்தோம். வெயில் நல்ல வெயில். ஆனால் ஒரு வகைக் கறுப்பு ஈ, எள்ளளவுதான் இருக்கும், காதுக்குப் பின்னால் கடித்து இரத்தம் எடுக்கிறது. எங்கள் நுளம்பு எவ்வளவோ மேல், பாடிக்கொண்டாவது வரும்.

ஒரு இடத்தில் மரத்தில் தகரப் பலகை ஒன்று அடித்திருந்தது. பிரெஞ்சில் ஏதோ எழுதி, கீழே மண்டையோடும் இரண்டு எலும்பும். நான் நின்றுவிட்டேன். கால் எடுத்து வைக்க வரவில்லை. மற்றவர்கள் கொஞ்சத் தூரம் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மச்சான், என்ன?"

பலகையைக் காட்டினேன்.

தவத்துக்கு விளங்கியது. சிரிக்காமல் திரும்பி வந்தான். "இஞ்ச மிதிவெடி இல்லை மச்சான். கிடங்கு இருக்கு, விழுந்திடாதேங்கோ எண்டு போட்டிருக்கிறாங்கள். என்ர காலடியைப் பார்த்து வாங்கோ." முன்னால் நடந்தான். நான் அவன் மிதித்த இடங்களில் மட்டும் மிதித்துப் போனேன்.

மலைச்சரிவில் நிலம் மினுங்கத் தொடங்கியது. மண்ணிலெல்லாம் காக்காப்பொன். கையை வைத்தால் கை மினுங்கும், உட்கார்ந்தால் காற்சட்டை மினுங்கும். செந்தில் ஒரு துண்டை எடுத்து நகத்தால் ஏடாக உரித்து வெயிலுக்குப் பிடித்துக் காட்டினார். தேன் நிறம். அதற்குள்ளால் தவத்தின் முகம் தெரிந்தது. முந்தி அடுப்புக் கதவுகளுக்குக் கண்ணாடியாக இதைத்தான் வைப்பார்களாம், சூட்டில் வெடிக்காதாம்.

சுரங்கத்தின் வாய் ஒரு கதவளவுதான். முன்னால் போட்டிருந்த கம்பிவலையை யாரோ எப்போதோ வெட்டி மடித்துவிட்டிருந்தார்கள். உள்ளிருந்து குளிர்காற்று வந்தது. வெயிலில் நிற்கிற முகத்தில் அது படும்போது, மீன்சந்தையில் ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்த மாதிரி.

செந்தில் முதலில், பிறகு தவம், பிறகு யோகன், கடைசியில் நான். மூன்று ரோச் லைற். எனக்கு இல்லை. தரை கீழே சரிந்து போனது. காற்று அள்ளிவந்த பழைய இலைச்சருகு தரை முழுக்க. இரண்டு பக்கமும் மரக்குற்றிகள் முட்டுக் கொடுத்து நின்றன. பழக்கதோசத்தில் ஒரு குற்றியில் பெருவிரல் நகத்தை அழுத்தினேன். முழு நகமும் உள்ளே போயிற்று. பங்கருக்குப் போட்ட பனங்குற்றி உக்கினால் இப்படித்தான் இருக்கும்.

இன்னும் நாலைந்து அடி போனதும் காலுக்கடியில் சருகின் சத்தம் மாறியது. சப்பாத்தின் குதியால் சருகை விலக்கினேன். கீழே மண் இல்லை. கறுப்பாக, கண்ணாடி மாதிரி ஐஸ். வெளியே இருபது பாகை வெயில். உள்ளே மாரிகாலம் அப்படியே இருந்தது.

இதை நான் கண்டேன். மற்றவர்கள் காணவில்லை.

வாயைத் திறந்தேன். முன்னால் யோகனும் தவமும் ரோச் லைற்றுக்குச் சண்டை பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "உன்ர லைற் மெழுகுதிரி மாதிரி இருக்கு, இஞ்ச தா." "உன்ர வயித்துக்குப் பின்னால நிண்டா எந்த லைற்றும் தெரியாதடா." அந்தச் சிரிப்புக்கிடையில் நான் என்ன சொல்வது. இவர்கள் பதின்மூன்று மாரிகாலம் ஐஸில் நடந்தவர்கள். நான் கனடா வந்தே ஒன்பது நாள் ஆகவில்லை, மீன்பெட்டிக்கு வெளியே ஐஸ் காண்பது இதுதான் முதல் தரம். ஐஸைப் பற்றி இவர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? லொங்குய்ய் அண்ணை ஐஸுக்கும் பயந்துவிட்டார் என்று மாதக்கணக்கில் சிரிப்பார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

செந்தில் சுவரோரமாக நின்று ஏதோ கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். தவம் அவரைத் தாண்டி ஒரு அடி வைத்தான். இரண்டு. மூன்றாவதில் அவன் நிற்கவில்லை. சத்தம்கூடப் போடவில்லை, நின்ற நிலையிலேயே கீழே சறுக்கிப் போனான். ரோச் லைற் அவனுக்கு முன்னால் சுழன்று சுழன்று போனது. பிறகு தண்ணீர்ச் சத்தம். பிறகுதான் அவன் கத்தினான்.

யோகன் லைற்றைக் கீழே அடித்தான். முப்பது அடி இருக்கும். சருகெல்லாம் வழித்துக்கொண்டு போன இடத்தில் ஐஸ் சறுக்கு ஒன்று பளபளவென்று இறங்கி, அடியில் கறுப்புத் தண்ணீரில் முடிந்தது. தவம் இடுப்புவரை தண்ணீரில், ஒரு கையால் பாறையைப் பிடித்தபடி கிடந்தான்.

"கால் போட்டுது" என்றான். "கால் திரும்பிக் கிடக்கு."

செந்திலின் பையில் நைலோன் கயிறு இருந்தது. யோகன் அதை வாங்கிப் பக்கத்தில் இருந்த முட்டுக்குற்றியில் கட்டப்போனான்.

"அதில கட்டாதேங்கோ" என்றேன். அங்கே வந்த பிறகு நான் உரக்கச் சொன்ன முதல் வார்த்தை அது. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. "உக்கிப் போச்சு. இழுத்தா மேல் எல்லாம் வரும்."

யோகன் குற்றியை விரலால் குத்திப் பார்த்தான். கயிற்றைத் தன் முதுகால் சுற்றி, இடுங்கிய இடம் ஒன்றில் குந்தி, இரண்டு காலையும் எதிர்ச்சுவரில் முண்டு கொடுத்தான். மெலிந்த ஆள் செந்தில்தான். கயிற்றை இடுப்பில் கட்டி இறங்கினார். தவத்தை அக்குளில் பிடித்துத் தண்ணீரிலிருந்து ஒரு பாறைத்தட்டுக்கு ஏற்ற அரை மணித்தியாலம் போயிற்று. அதற்கு மேல் ஏற்ற முடியவில்லை. நானும் யோகனும் சேர்ந்து இழுத்தோம். பிடிப்பதற்குத் தரை இல்லை. இரண்டாவது தரம் இழுத்தபோது யோகனே ஒரு முழம் சறுக்கினான். கயிற்றை விட்டால் கீழே இருக்கும் இரண்டு பேரும் தண்ணீருக்குள்.

யோகனின் கைத்தொலைபேசி அவனுடைய சட்டைப்பையில் இருந்தது. எடுத்துப் பார்க்கச் சொன்னான். சிக்னல் கோடு ஒன்றும் இல்லை. சுரங்க வாய்வரை போய்ப் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

"சரி. பின்னேரம் காணாட்டி ராஜி அக்கா தேடுவா" என்றான் யோகன். பிறகு, "நாங்கள் எங்க போறம் எண்டு அக்காவுக்குத் தெரியும்தானே?"

"அவள் கேக்கேல்லை" என்றேன்.

"நீங்கள் சொல்லேல்லையோ?"

"கேக்கேல்லை. சொல்லேல்லை. உங்கட வீட்டில?"

யோகன் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தான். "என்ர மனுசியும் வெளிக்கிடேக்க கேக்கமாட்டா."

கீழே இருந்து செந்திலின் குரல் வந்தது. "எங்கம்மா போன் பண்ணாக்கூட எங்க போறேன்னு கேக்க மாட்டாங்க அண்ணே."

நாலு ஆண்கள் மலைக்குள் இறங்கியிருக்கிறோம். அது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. எங்களை விரும்புகிறவர்கள் எங்களுக்கு நல்லது நினைத்துக் கேட்காமல் விட்டிருக்கிறார்கள்.

தவத்தின் பல் அடிக்கும் சத்தம் மேலேவரை கேட்டது. செந்தில் தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவனைச் சுற்றியிருந்தார். "அண்ணே, நீங்கதான் போகணும். யாரையாவது கூட்டிட்டு வாங்க. இவரு இப்ப நடுங்கறாரு, அது பரவால்ல. நடுங்கறது நின்னுட்டாத்தான் ஆபத்து. சீக்கிரம்."

யோகனால் கயிற்றை விட முடியாது. செந்தில் கீழே. மிச்சம் நான்.

"மச்சான்" என்று தவம் கூப்பிட்டான். "கார்த் திறப்பு என்னட்ட இருக்கு."

"எனக்கு ஓட்டத் தெரியாது."

"ஓம் என்ன" என்றான். பேச்சு இழுபட்டது.

வெளியே வந்ததும் வெயில் கண்ணைக் குத்தியது. நாங்கள் வந்த பாதை வளைந்து வளைந்து போகும். வரும்போது கல்ரோட்டின் ஓரம் நீலக் கூரை போட்ட ஒரு வீட்டைக் கண்டிருந்தேன். சரிவால் நேரே இறங்கினால் கிட்ட என்று பட்டது. நேரே என்றால் ஒருவரும் மிதிக்காத நிலம். பதினைந்து வருடமாக மிதிக்காத நிலத்தில் நான் கால் வைத்ததில்லை. என் சொந்தக் காணியிலேயே வைத்ததில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். பெரிய சப்பாத்து இரண்டு தரம் கழன்றது. விழுந்து கையை ஊன்றி எழும்பினேன்.

ஓடும்போது பயந்தது தவத்தை நினைத்து மட்டுமல்ல. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அந்த வீட்டுக் கதவைத் தட்டி ஒரு அந்நியரோடு பேச வேண்டுமே என்றும் பயந்தேன்.

தட்டத் தேவைப்படவில்லை. முற்றத்தில் ஒரு பெண் விறகு அடுக்கிக்கொண்டு நின்றார். அறுபது வயதுக்கு மேல், இறப்பர் பூட்ஸ். நாய் ஒன்று குரைத்துக்கொண்டு வந்தது. அவர் விறகுக் கட்டையைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். முழுக்க மண் பூசிய, முன்பின் தெரியாத கறுத்த மனிதன். நான் என்றாலும் அந்தக் கட்டையைக் கீழே வைத்திருக்க மாட்டேன்.

"பொன்ஜூர்" என்றேன்.

"பொன்ஜூர்" என்றார்.

அதோடு எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முடிந்துவிட்டது. "ஹெல்ப்" என்றேன். "மேன். ஃபோல். வாட்டர்." மூச்சு வாங்கியதில் அந்தச் சொற்களும் சரியாக வந்திருக்காது. அவர் கையை விரித்து ஏதோ கேட்டார். காரா, விபத்தா என்று கேட்டிருக்க வேண்டும், ரோட்டுப் பக்கம் காட்டினார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் ரோட்டை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

நேரம் போகிறது. தவம் நடுங்குகிறானா, நிறுத்திவிட்டானா தெரியாது. நான் அவருக்கு முன்னால் ஓடிப்போய் நிலத்தில் படுத்தேன். அவர் முற்றத்துக் கல்லில், மல்லாந்து. சறுக்கிக்கொண்டு போகிற மாதிரி உடம்பை இழுத்தேன். காலைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் கோணினேன். இரண்டு கையையும் நெஞ்சில் கட்டி நடுங்கிக் காட்டினேன். மூன்று விரலை உயர்த்தினேன், மூன்று பேர். நாய் குரைப்பதை நிறுத்திவிட்டு என்னை மணந்து பார்த்தது. ஊரில் பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நிற்கக்கூடச் சம்மதிக்காதவன் நான்.

அவர் குனிந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். உள்ளங்கையைத் திருப்பி வெயிலுக்குப் பிடித்தார். விழுந்து ஊன்றிய கை. விரலிடுக்கெல்லாம் காக்காப்பொன் மினுங்கியது. அவர் கையைப் பார்த்தார். நிமிர்ந்து மலையைப் பார்த்தார். முகம் மாறியது. ஏதோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, விறகை எறிந்துவிட்டு வீட்டுக்குள் ஓடினார். கதவு திறந்தே கிடந்தது. தொலைபேசியில் அவர் உரத்துப் பேசுவது கேட்டது.

காத்திருந்த நேரம்தான் நீளம். என்னைக் குசினியில் இருத்தி, போர்வை போர்த்தி, கோப்பி வைத்தார். குடிக்க முடியவில்லை. எனக்கெதிரே இருந்து பிரெஞ்சில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார், ஆறுதல்தான், குரலில் விளங்கியது. நான் தமிழில் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்றால், ஐஸை நான் கண்டேன் என்று சொன்னேன். கண்டும் சொல்லாமல் விட்டேன் என்று சொன்னேன். சிரிப்பார்கள் என்று பயந்தேன் என்று சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டார். எனக்குப் பேச வந்தது அவருக்குத் தமிழ் தெரியாததால்தான் என்று நினைக்கிறேன்.

ஊர்த் தீயணைப்பு ஆட்கள் இரண்டு வண்டியில் வந்தார்கள். கயிறு, ஏணி, ஆணி அடித்த சப்பாத்து எல்லாம் இருந்தது. முன்னால் போய்ப் பாதை காட்டினேன். வாயில் நின்று யோகனைக் கூப்பிட்டேன்.

"இருக்கிறம்" என்றான். தவத்தைப் பற்றிக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

என்னை உள்ளே விடவில்லை. வெளியே ஒரு கல்லில் இருந்தேன். கறுப்பு ஈ மொய்த்தது, விரட்டவில்லை. ஒரு மணித்தியாலம் இருக்கும். முதலில் யோகன் வந்தான். கயிறு இழுத்ததில் இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து, விரலை மடக்க முடியாமல் கையை முன்னால் நீட்டியபடி வந்து, என் பக்கத்தில் இருந்தான். பிறகு செந்தில், உதடு நீலம். கடைசியில் படுக்கையில் கட்டித் தவத்தை ஏற்றிவந்தார்கள். அவன் நடுங்கவில்லை. முகம் மெழுகு மாதிரி. நான் எழும்பினேன். தீயணைப்பு ஆள் ஒருவர் என்னைப் பார்த்துக் கையை ஒரு தரம் அசைத்தார், உயிர் இருக்கிறது என்ற மாதிரி.

"கடைசி அரை மணித்தியாலம் ஒண்டும் கதைக்கேல்லை" என்றான் யோகன். "செந்தில் கன்னத்தில அடிச்சு அடிச்சு ஆரணியின்ர பேர் கேட்டுக்கொண்டு இருந்தவர். முதல் சொன்னவன். பேந்து விட்டிட்டான்."

ஆஸ்பத்திரியில் வெந்நீர்க் குழாய் ஓடும் போர்வை ஒன்றால் அவனைச் சுற்றிவைத்தார்கள். செந்தில் தொலைபேசியில் சொல்லி, பின்னேரம் ஆறு மணிக்கு ராஜி வந்து சேர்ந்தாள். வீட்டுச் சட்டையோடு, கையில் பலகார மா காய்ந்திருந்தது. கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. கட்டிலருகே போய் அவனுடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு வந்திருந்தது. அவன் கண்ணைத் திறந்து, "சடங்கு?" என்றான்.

"வாயை மூடிக்கொண்டு படும்" என்றாள்.

பிறகு நடைக்கு வந்து என் பக்கத்தில் கதிரையில் இருந்தாள். "அண்ணை, நீங்களும்தானே கூட இருந்தனீங்கள். ஒரு வார்த்தை சொல்லி மறிச்சிருக்கலாமெல்லோ."

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை" என்றேன்.

பொய்தான். அவளுக்கு முன்னால் அப்படித்தான் வந்தது. யோகன் எதிர்ச்சுவரில் சாய்ந்து, கட்டுப்போட்ட இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். "அண்ணை ஓடியிராட்டி இவன் இல்லை அக்கா" என்றான். அது எனக்கு இன்னும் பாரமாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொரு மணிக்குத் தவத்தின் கணுக்காலைத் திறந்து தகடு வைத்தார்கள். சடங்கை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைப்பதாக ராஜி மண்டபக்காரருக்குச் சொன்னாள். மத்தியானம் அவள் சாப்பிடப் போன நேரம் அறையில் நானும் தவமும் மட்டும் இருந்தோம். ஐஸைக் கண்டதையும் சொல்லாமல் விட்டதையும் அவனிடம் சொன்னேன். மயக்க மருந்து முழுக்கத் தெளியவில்லை. கண்ணை மூடியபடி "ம்" என்றான். கேட்டதோ தெரியாது. மூன்று மணிக்குச் செந்திலும் நானும் போய், கல்ரோட்டின் முடிவில் விட்டிருந்த காரை எடுத்துவந்தோம்.